பெயர் மறைந்த பெருவினைஞர்

நுழையும்முன்

ஒரு பொருளைப் படைத்தவரின் பெயர் அப்பொருளோடு நிலைத்து வாழும் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு எப்போதும் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. மகிழுந்துத் தொழிலின் விடியற்காலத்தில் தோன்றிய நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இன்று இல்லை. அவற்றுள் ஒன்றைத் தோற்றுவித்த அறிஞர் பிரெடரிக் லான்செஸ்டரின் வாழ்க்கை, புகழுக்கும் பயனுக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு உணர்த்துகிறது.

முகம் தெரியாத வண்டி

பழைய மகிழுந்துகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடங்களில் சில வண்டிகள் காண்போரைத் திகைக்க வைக்கும். அவற்றின் முன்பகுதியில் பொறியை மூடும் நீண்ட பெட்டி இராது. வட்ட வடிவிலான திசைமாற்றிச் சக்கரமும் இராது. அதற்கு மாறாக, படகின் சுக்கானைப்போல ஒரு கைத்தண்டு ஓட்டுநரின் பக்கத்தில் நீண்டிருக்கும். வண்டியின் பெயர்ப்பலகை உதிர்ந்து போயிருந்தாலும் பழைய வண்டிகளை ஆராய்வோர் இந்த அடையாளங்களைக் கண்டதும் அது பர்மிங்ஹாம் நகரில் உருவான லான்செஸ்டர் வண்டி என்று கூறிவிடுவர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மகிழுந்து செய்தோர் பலர். ஆர்கைல், நேப்பியர், வுல்ஸ்லி முதலிய பெயர்கள் ஒரு காலத்தில் சாலைகளில் செல்வாக்குடன் விளங்கின. இன்று அவை ஆய்வாளர்களின் குறிப்பேடுகளில் மட்டும் வாழ்கின்றன. அந்த வரிசையில் லான்செஸ்டர் என்னும் பெயரும் சேர்ந்துவிட்டது. ஆயினும் ஏனைய பெயர்களினின்று இதனை வேறுபடுத்தும் செய்தி ஒன்று உண்டு. லான்செஸ்டர் என்ற நிறுவனம் மறைந்தது; அதனைத் தோற்றுவித்தவரின் சிந்தனைகளோ இன்று ஓடும் கோடிக்கணக்கான வண்டிகளுக்குள் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இளமையும் கல்வியும்

பிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர் 1868ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள் இலண்டன் மாநகரின் லூயிஷம் பகுதியில் பிறந்தார். தந்தை ஹென்றி ஜோன்ஸ் லான்செஸ்டர் ஒரு கட்டடக்கலைஞர். தாய் ஆக்டேவியா, கணிதமும் இலத்தீனும் கற்பித்தவர். எட்டுக் குழந்தைகளுள் நான்காமவரான பிரெடரிக் தந்தையின் வரைபலகையையும் தாயின் கணக்கையும் ஒருங்கே பெற்று வளர்ந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் தென்கடற்கரையில் உள்ள பிரைட்டன் நகர்ப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளிக் கல்விக்குப்பின் சவுத்தாம்ப்டன் நகரின் ஹார்ட்லி நிறுவனத்தில் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். ஆர்வம் ஈர்த்த பாடங்களில் ஆழ்ந்து, தேர்வுக்குரிய ஒழுங்கைப் பொருட்படுத்தாமல் படித்த அவர், பட்டம் எதுவும் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னாளில் அறிவியல் உலகம் பெரிதும் மதித்த ஒருவரிடம் அந்நாளில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் இல்லை. காப்புரிமை அலுவலகத்திற்கான வரைபடங்களை வரையும் பணியில் சில காலம் கழித்தார். பிறர் கண்டுபிடித்தவற்றை நாள்தோறும் வரைந்த கை, தானே கண்டுபிடிக்கத் துடித்தது.

அடித்து நீக்கிய ஒரு விதி

1889ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரின் சால்ட்லி பகுதியில் இயங்கிய எரிவளிப் பொறித் தொழிற்சாலை ஒன்றில் துணை மேலாளராகப் பணியேற்றார். அப்போது அவருக்கு அகவை இருபது. பணி ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. பணிக்காலத்தில் அவர் செய்யும் தொழில்நுட்ப மேம்பாடுகள் அனைத்தும் நிறுவனத்திற்கே உரியவை என்பது அதன் பொருள். வேலை தேடிவந்த இளைஞர் பெரும்பாலோர் அதனைப் படிக்காமலேயே கையொப்பமிட்டிருப்பர். லான்செஸ்டர் அந்த விதியை அடித்து நீக்கிவிட்டுக் கையொப்பமிட்டார். தம் அறிவின் விளைவு தமக்கே உரியது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்த உறுதி விரைவிலேயே பயன் தந்தது. பொறியின் வேகத்தைச் சீராக்கும் ஊசல் அமைப்பு ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். விற்பனையாகும் ஒவ்வொரு பொறிக்கும் அவருக்கு உரிமைத்தொகை கிடைத்தது. அடுத்து, பொறியைத் தானே இயங்கத் தொடங்கச் செய்யும் கருவியைப் படைத்து, அதன் உரிமையை வேறொரு நிறுவனத்திற்கு நல்ல விலைக்கு விற்றார். மேலாளர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. கையில் சேர்ந்த பணத்தை அவர் ஆடம்பரத்தில் செலவிடவில்லை. தொழிற்சாலைக்கு அருகிலேயே சிறு பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். மேலாளர் பொறுப்பைத் தம்பி ஜார்ஜிடம் ஒப்படைத்துவிட்டு ஆய்வில் மூழ்கினார். பெட்ரோலால் இயங்கும் விரைவுப் பொறி ஒன்றைச் செய்து முதலில் படகில் பொருத்திப் பார்த்தார். அடுத்து அவர் பார்வை சாலையை நோக்கித் திரும்பியது.

குதிரையை மறந்த வண்டி

அக்காலத்தில் மகிழுந்து செய்தோர் பலர் குதிரைவண்டியை எடுத்துக்கொண்டு, குதிரையை அவிழ்த்துவிட்ட இடத்தில் ஒரு பொறியைப் பொருத்தினர். லான்செஸ்டர் இம்முறையை ஏற்கவில்லை. சட்டகம், சக்கரம், பொறி, பற்சக்கரம், இருக்கை ஆகிய அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அடிப்படையிலிருந்தே சிந்தித்தார். 1895ஆம் ஆண்டில் தொடங்கிய பணி 1896ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிறைவெய்தி, வண்டி சாலையில் இறங்கியது. ஒற்றை உருளையும் ஐந்து குதிரைத்திறனும் கொண்ட அவ்வண்டி, முழுமையும் பிரிட்டனிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் நான்கு சக்கரப் பெட்ரோல் மகிழுந்து எனப் போற்றப்படுகிறது.

அந்நாளைய சட்டம் புதுமைக்குத் துணை நிற்கவில்லை. பொறியால் இயங்கும் வண்டி நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 4 மைலுக்குமேல் செல்லக்கூடாது. அதற்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும். 1896ஆம் ஆண்டு நவம்பரில்தான் இக்கட்டுப்பாடு தளர்ந்து, வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. சட்டம் மாறுவதற்கு முன்பே லான்செஸ்டரின் வண்டி அணியமாக இருந்தது. காலத்திற்கு முந்தி நிற்பது அவர் வாழ்வின் இயல்பாயிற்று. அதுவே அவருடைய பெருமைக்கும் இடர்ப்பாட்டிற்கும் காரணமாயிற்று.

முதல் வண்டியின் ஆற்றல் போதவில்லை என்று கண்ட அவர், 1897ஆம் ஆண்டில் இரட்டை உருளைப் பொறியை அமைத்தார். அக்காலப் பொறிகள் இயங்கும்போது வண்டி முழுவதும் நடுங்கும். லான்செஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாக இரு சுழல்தண்டுகளை அமைத்து, அவற்றை எதிரெதிர்த் திசைகளில் சுழலச் செய்தார். ஒன்றின் அதிர்வை மற்றொன்று விழுங்கியது. இருக்கையின் விற்சுருள்களையும் அவர் உய்த்துணர்வுக்கு விடவில்லை. மனிதன் நடக்கும்போது உடல் ஏறி இறங்கும் தாளத்திற்கு உடல் பழகியுள்ளது என்பதை உணர்ந்து, அத்தாளத்திலேயே வண்டியும் அசையுமாறு கணக்கிட்டார். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றும் கோள்வகைப் பற்சக்கர அமைப்பால் வேகத்தை மாற்றும் வழியும் செய்தார். இன்றைய தானியங்கிக் கியர் பெட்டிகளுக்குள் இருப்பதும் இதே வகை அமைப்பாகும். 1899ஆம் ஆண்டில் ரிச்மண்டில் நடந்த கண்காட்சியில் அவருடைய வண்டியின் வடிவமைப்பு தங்கப்பதக்கம் பெற்றது.

அளவின் ஒழுங்கு

1899ஆம் ஆண்டின் இறுதியில் லான்செஸ்டர் பொறி நிறுவனம் பதிவுபெற்றது. பர்மிங்ஹாமின் ஸ்பார்க்புரூக் பகுதியில் ஆர்மரர் மில்ஸ் என்னும் கட்டடத்தில் தொழிற்சாலை அமைந்தது. தம்பியர் இருவரும் துணை நின்றனர். ஜார்ஜ் உற்பத்தியையும் பிராங்க் விற்பனையையும் கவனித்தனர்.

மகிழுந்துக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து விற்கும் தொழில் அன்று முறையாக வளரவில்லை. ஆகவே திருகுமுதல் பற்சக்கரம்வரை தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவற்றைச் செய்யும் எந்திரங்களையும் லான்செஸ்டரே வடிவமைத்தார். பல தொழிற்கூடங்களில் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் அராவி, அந்தந்த வண்டிக்குத் தக்கவாறு பொருத்துவது வழக்கம். ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது. லான்செஸ்டர் அளவுகளை வரையறுத்து, அளவிகளைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் சோதித்தார். ஒரு வண்டியில் கழற்றியது மற்றொரு வண்டியில் அப்படியே பொருந்தியது. ஹென்றி ஃபோர்டின் பெரும்புகழ் பெற்ற மாதிரி வண்டி 1908ஆம் ஆண்டில் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சிறிய அளவில், இவ்வொழுங்கு பர்மிங்ஹாமில் நிலைபெற்றிருந்தது.

1902ஆம் ஆண்டில் அவர் வட்டுவகை நிறுத்திக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோக வட்டை இருபுறமும் பற்றிப்பிடித்து வண்டியை நிறுத்துவது அதன் செயல்முறை. இன்று டிஸ்க் பிரேக் என நாம் அறிவது இதுவே. ஆனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்ததால் காதைத் துளைக்கும் ஓசை எழுந்தது. தகுந்த உராய்வுப்பொருள் அன்று இல்லை. அரை நூற்றாண்டுக்குப்பின், 1953ஆம் ஆண்டில் லெ மான்ஸ் பந்தயத்தில் இவ்வகை நிறுத்திகள் பொருத்திய ஜாகுவார் வண்டிகள் வென்றபோது உலகம் அதனைப் புதுமை என வியந்தது. அந்நாளில் காப்புரிமை காலாவதியாகியிருந்தது. உரியவரும் உயிரோடு இல்லை.

முதல் பற்றாத தொழில்

லான்செஸ்டர் வண்டிகளுக்கு மதிப்பு இருந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் தொடக்கக்கால வாடிக்கையாளர்களுள் ஒருவர். ஆயினும் நிறுவனம் போதிய முதலீடு இன்றித் தள்ளாடியது. வாங்குவோர் காத்திருந்தனர், செய்து முடிப்பதற்குப் பணம் இல்லை. 1904ஆம் ஆண்டில் கடன் தந்தோரின் சார்பில் நிறுவனத்தின் பொறுப்பு வேறு கைக்குச் சென்றது. லான்செஸ்டர் மோட்டார் நிறுவனம் என்னும் பெயரில் அது மீண்டும் எழுந்தபோது, தோற்றுவித்தவர் அதில் வடிவமைப்பாளராக மட்டுமே இருந்தார். முடிவுகள் இயக்குநர்களிடம் இருந்தன.

அவர் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. பிறர் அனைவரும் வட்டச் சக்கரத்திற்கு மாறிய பின்னரும் கைத்தண்டே சிறந்தது என்னும் கொள்கையில் அவர் நெடுநாள் நின்றார். பிற வண்டிகளைப்போல முன்னால் நீண்ட பெட்டி இருந்தால்தான் மக்கள் விரும்புவர் என்று இயக்குநர்கள் கருதினர். கணக்கின்படி சரியானது எதுவோ அதனையே அவர் செய்ய விரும்பினார். வாங்குவோரின் கண்ணுக்குப் பழகியது எதுவோ அதனையே விற்க அவர்கள் விரும்பினர். இரண்டும் ஒத்துப்போகவில்லை. 1909ஆம் ஆண்டில் டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகரானார். சில ஆண்டுகளில் தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தினின்று முற்றிலும் விலகினார்.

காற்றின் கணக்கு

மகிழுந்தைச் செய்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் மனம் வானிலும் பறந்தது. கடற்பறவைகள் சிறகசைக்காமல் மிதப்பதைக் கூர்ந்து நோக்கினார். சிறகின் அடியில் அழுத்தம் மிகுதி; மேலே குறைவு. ஆகவே சிறகின் நுனியைச் சுற்றிக் காற்று கீழிருந்து மேலாகப் புரண்டு சுழலாகிறது. அச்சுழல் பறக்கும் பொருளைப் பின்னிழுக்கிறது. நீண்டு குறுகிய சிறகுடைய பறவைகள் குறைந்த முயற்சியில் நெடுந்தொலைவு மிதப்பதன் காரணம் இதுவே என்று அவர் கண்டார்.

பறத்தலைப் பற்றிப் பேசும் பொறியாளர் ஏளனத்திற்கு உள்ளாகும் காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதி அளித்த கட்டுரையை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. ரைட் உடன்பிறந்தார் 1903ஆம் ஆண்டில் வானூர்தியைப் பறக்கவிட்ட பின்னரே காலம் கனிந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் அவருடைய ஆய்வு இரு பெரும் நூல்களாக வெளிவந்தது. செருமானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் இதே துறையில் முழுமையான கணிதக் கோட்பாட்டைப் பின்னர் உருவாக்கினார். இன்று அக்கோட்பாடு லான்செஸ்டர்-பிராண்டல் கோட்பாடு என இருவர் பெயராலும் வழங்கப்படுகிறது.

முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில், படைகளின் வலிமையையும் அவர் கணக்கால் அளந்தார். சம திறனுடைய வீரர்கள் தொலைவிலிருந்து தாக்கும் ஆயுதங்களால் பொரும்போது, ஒரு படையின் வலிமை வீரர் எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது அவர் கண்ட விதி. ஆயிரம் பேர் கொண்ட படை, ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிந்துவரும் மற்றோர் ஆயிரம் பேரை அடுத்தடுத்துச் சந்தித்தால், இறுதியில் அப்படையில் ஏறத்தாழ 707 பேர் எஞ்சுவர்; பிரிந்துவந்த படை அழியும். இவ்வாய்வு, செயல்முறை ஆராய்ச்சி என்னும் தனித்துறை பின்னாளில் வளர்வதற்கு ஒரு வித்தாயிற்று. 1922ஆம் ஆண்டில் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

பெயரின் பயணம்

மூத்தவர் விலகிய பின் ஜார்ஜ் லான்செஸ்டர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரானார். போர்க்காலத்தில் அந்நிறுவனத்தின் கவசவண்டிகள் உருசியப் போர்முனைவரை சென்றன. போருக்குப்பின் அவர் படைத்த பெரிய மகிழுந்துகள் அரச குடும்பத்தினரையும் இந்திய மன்னர்களையும் கவர்ந்தன. நவாநகர் மன்னரும் புகழ்பெற்ற மட்டைப்பந்தாட்ட வீரருமான ரஞ்சித்சிங்ஜி, ஆல்வார் மன்னர் முதலியோர் அவற்றை விரும்பி வாங்கினர்.

அந்த வாழ்வும் நீடிக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் உலகைச் சூழ்ந்தபோது வங்கி தன் கடனைத் திருப்பிக் கேட்டது. 1931ஆம் ஆண்டு அளவில் நிறுவனம் டெய்ம்லரின் உரிமையாளர்களிடம் கைமாறியது. உற்பத்தி கோவென்ட்ரி நகருக்குச் சென்றது. அதன்பின் லான்செஸ்டர் என்னும் பெயர், டெய்ம்லர் தொழிற்சாலையில் உருவான சிறிய வண்டிகளின் முகப்பில் ஒட்டிய பெயராகச் சுருங்கியது. 1956ஆம் ஆண்டில் அதுவும் நின்றது. இருபது வயதில் தம் கண்டுபிடிப்பைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க மறுத்து ஒரு விதியை அடித்து நீக்கியவரின் பெயரே பிறர் உடைமையாகி, இறுதியில் பயனற்றதெனக் கைவிடப்பட்டது.

இறுதிக்காலம்

1919ஆம் ஆண்டில் டோரதியா கூப்பரை லான்செஸ்டர் மணந்தார். குழந்தைகள் இல்லை. 1920களில் ஒலிபெருக்கிகள் செய்யும் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் அதனைத் தொடர இயலவில்லை. நடுக்குவாத நோய் அவர் கைகளை வாட்டியது. கண்பார்வை மங்கியது. பொறிகளின் நடுக்கத்தைத் தீர்க்க வாழ்நாளெல்லாம் உழைத்த கை, தன் நடுக்கத்தைத் தீர்க்கும் வழியறியாது தவித்தது. பொருள்நிலையும் தாழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்கு உரியவர், முதுமையில் பிறர் உதவியை எதிர்நோக்க நேர்ந்தது. அந்நிலையிலும் அவர் எழுதுவதையும் சிந்திப்பதையும் நிறுத்தவில்லை. 1945ஆம் ஆண்டில் எந்திரப் பொறியாளர்களின் உயரிய சிறப்பான ஜேம்ஸ் வாட் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் பர்மிங்ஹாம் இல்லத்தில் மறைந்தார்.

நிலைத்த அடையாளம்

நான்கு உருளைப் பொறியின் நுண்ணிய அதிர்வைப் போக்க, இரு தண்டுகளைப் பொறியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலச் செய்யும் வழியை லான்செஸ்டர் தம் காலத்திலேயே கண்டிருந்தார். அது நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்தது. 1970களில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் அச்சிந்தனையை மேம்படுத்திக் காப்புரிமை பெற்றுப் பயன்படுத்தியது. போர்ஷே நிறுவனமும் அந்த உரிமையைப் பணம் தந்து பெற்றது. சமநிலைத் தண்டுகள் எனப்படும் அவை இன்று எண்ணற்ற மகிழுந்துகளில் உள்ளன.

கோவென்ட்ரிப் பல்கலைக்கழகத்தின் நூலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செயல்முறை ஆராய்ச்சித் துறையில் ஆண்டுதோறும் வழங்கும் பரிசு ஒன்றும் அவர் பெயரால் அமைந்துள்ளது. பர்மிங்ஹாமில் அவருடைய முதல் வண்டியின் உருவம் உலோகச் சிற்பமாக நிறுவப்பட்டுள்ளது. எனினும் சாலையில் செல்வோரிடம் லான்செஸ்டர் யார் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே.

பழைய வண்டிகளை ஆராய்வோர் பெயர்ப்பலகையை மட்டும் நம்புவதில்லை. பற்சக்கரத்தின் அமைப்பு, தண்டின் இணைப்பு, விற்சுருளின் வளைவு ஆகியவற்றைக் கண்டே செய்தவர் யாரெனத் தெளிகின்றனர். லான்செஸ்டரையும் அவ்வாறே தேடவேண்டும். அதிராமல் இயங்கும் பொறியிலும், மிதித்த அளவில் நிற்கும் சக்கரத்திலும், கழற்றினால் வேறு வண்டிக்கும் பொருந்தும் உறுப்பிலும் அவருடைய கைவண்ணத்தை அறிந்தோர் இன்றும் காண்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

பிரெடரிக்கின் மூத்த உடன்பிறந்தவரான ஹென்றி வாகன் லான்செஸ்டர் தந்தையைப்போலவே கட்டடக்கலைஞர். இராசஸ்தானின் ஜோத்பூர் நகரில் உள்ள உமைத் பவன் அரண்மனையை வடிவமைத்தவர் இவரே. சென்னை மாகாணத்தின் நகரமைப்பைப் பற்றி இவர் எழுதிய நூல் 1918ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, அதன் உருவாக்கத்தில் பங்காற்றியோரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் பகிர்க.

2. சரியெனக் கணக்கிட்டதைச் செய்வதா, வாங்குவோர் விரும்புவதைச் செய்வதா என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.